ஐரீனுக்குப் பின்னால் மூடாத கடல்

பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கரீபியன் கடலின் கேரியாகு தீவில் நங்கூரம் தூக்கி, பாய் விரித்து, யூனியன் தீவை நோக்கிப் புறப்பட்ட ஐரீன் என்ற படகுக்குப் பின்னால் கடல் மூடிக்கொள்ளவில்லை. படகு போனால் பின்னால் நுரை கிளம்பும், கொஞ்ச தூரம் வெள்ளைக் கோடாக நீளும், பிறகு இரண்டு பக்கத்துத் தண்ணீரும் வந்து சேர்ந்து, இந்த வழியாக ஒருவன் போனான் என்பதற்குச் சாட்சியே இல்லாமல் ஆகிவிடும். உலகத்துக் கடல் எல்லாம் இப்படித்தான் என்று நாற்பத்தாறு வயதுவரை நான் நம்பியிருந்தேன், அதை நம்பித்தான் பிழைத்துக்கொண்டும் இருந்தேன். அன்றைக்குப் போட்ட கோடு போட்டபடி கிடந்தது. கேரியாகு துறையில் நங்கூரம் தூக்கிய இடத்திலிருந்து என் காலடிவரை, பன்னிரண்டு அடி அகலத்தில், நாங்கள் காற்றுக்காக வளைந்த இடத்தில் வளைந்து, மீன்கூண்டு மிதவை ஒன்றுக்காக விலகிய இடத்தில் விலகி, வெயிலில் பளீரென்று கிடந்தது. நான் அப்போது கயிறு சுருட்டிக்கொண்டிருந்தேன். சுருட்டி முடித்துவிட்டுத்தான் சொன்னேன்.

"கேப்டன், பின்னால தண்ணி மூடல."

யூலலி சுக்கானை விடாமல் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வாயிலிருந்த இஞ்சித் துண்டைக் கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"ஆமாவே டாம், மூடலதான். நீரு அந்தப் பெரிய பாயக் கொஞ்சம் இறக்கும், காத்து கூடுது."

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். யூலலி கேரியாகுக்காரி, ஐம்பது தாண்டியவள். தன் தாயின் பெயரைப் படகுக்கு வைத்துவிட்டு, தாயைத் திட்டுகிற மாதிரியே படகையும் திட்டுவாள். ஐரீனில் வேலைக்கு நாங்கள் இரண்டே பேர்: அவள் கேப்டன், தூத்துக்குடித் தொம்மையாகிய நான் (அவள் வாயில் டாம்) மற்ற எல்லாம். பாய் ஏற்றுவது, இறக்குவது, நங்கூரம் போடுவது, சமைப்பது, சுற்றுலா வந்தவர்களுக்கு வாந்தி வந்தால் வாளி நீட்டுவது என்று எல்லாம் என் தலையில். கிழக்கேயிருந்து நாள் தவறாமல் அடிக்கிற காற்றை (எங்கள் ஊரில் அதைக் கொண்டல் என்போம்) விலாவில் வாங்கிக்கொண்டு, தீவு தீவாக வடக்கே ஏறிப்போய், புயல் மாதங்களுக்கு முன்னால் தெற்கே இறங்கிவிடுவோம். யூலலி பேசுவது தீவு ஆங்கிலம், பாதியை விழுங்கி மீதியை இழுத்துப் பேசுவாள். எனக்கு என்னவோ முதல் நாளிலிருந்தே அது எங்கள் தெருப் பேச்சாகத்தான் காதில் விழுந்தது, ஆகவே அப்படியே எழுதுகிறேன். எங்கள் ஊரில் பெண்கள் யாரும் ஒரு ஆம்பிளையை 'வே' போட்டுப் பேசமாட்டார்கள். யூலலி பேசுவாள்.

அந்தக் கடலில் தீவுக்குத் தீவு வேறு நாடு, வேறு கொடி, வேறு முத்திரை. துறைக்குள் நுழைந்ததும் பாய்மரத்தில் மஞ்சள் கொடி ஏற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டும். கேப்டன் மட்டும் காகிதங்களோடு கரைக்குப் போய் முத்திரை வாங்கி வருவாள், அதுவரை வேலைக்காரன் படகை விட்டு இறங்கக் கூடாது. அன்றும் அப்படித்தான் நான் படகிலேயே இருந்தேன், யூலலி வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். 'உடன் கொண்டுவரும் பொருட்கள்' என்ற கட்டத்தில் அவள் 'ஒரு பாதை' என்று எழுதினாளாம். அதிகாரி வெளியே வந்து, கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் உட்கார்ந்து அகலம் எவ்வளவு என்று கேட்டாராம், எங்கிருந்து என்று கேட்டாராம், கடைசியாக, "போவும்போது எடுத்துட்டுப் போவீங்களா, இங்கயே விட்டுட்டுப் போவீங்களா?" என்று கேட்டாராம். தெரியாது என்றாள் யூலலி. 'தெரியாது' என்று எழுதி முத்திரை குத்திவிட்டார்.

முதலில் வந்தது ஓர் ஆடு. கேரியாகுவில் யாரோ கட்டாமல் விட்டிருந்த ஆடு, எட்டு மைல் கடலை நடந்து கடந்து, யூனியன் தீவின் கரையேறி, அங்கிருந்த முதல் செடியைத் தின்றது. அதன் பின்னாலேயே ஆட்டுக்காரன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு திட்டியபடி வந்தான். ஆட்டைப் பிடித்த பிறகுதான் தான் எதன் மேல் வந்தோம் என்று திரும்பிப் பார்த்தான், பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் படகுக்காரனிடம் கெஞ்சிக்கொண்டு நின்றோமே என்று அதற்கும் ஒரு திட்டுத் திட்டினான். மறுநாள் புளி உருண்டை விற்கிற பெண்கள் வந்தார்கள். அதற்கு மறுநாள் யூனியன் தீவில் கட்டிக்கொடுத்திருந்த மகளைப் பார்க்க ஒரு குடும்பமே பாயும் கோழியுமாக வந்தது. ஏன் இப்படி ஆயிற்று என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்க நினைத்தவர்களுக்கும் அந்தப் பக்கத்தில் ஏதோ ஒரு வேலை இருந்தது.

நாங்கள் வடக்கே போகப் போக அதுவும் எங்களோடு வந்தது. மேரோவுக்குப் போனோம், கோடு வந்தது; கனுவான் போனோம், வந்தது; பெக்வே தீவுக்குப் போனபோது, கோடு வருகிறது என்று செய்தி எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்ததால், ஊரே கரையில் நின்று, இந்தப் பக்கம் திருப்பு, எங்கள் தெரு முனையில் கொண்டுவந்து முடி என்று கத்தியது. சாலை போடுகிறவளை அதிகாரம் பண்ணுகிற மாதிரிப் பண்ணினார்கள். யூலலி காற்று எங்கே விட்டதோ அங்கே முடித்தாள். கோடு முட்டிய இடத்து வீட்டுக்காரர் அன்றைக்கே வாசலில் பெஞ்சு போட்டு எலுமிச்சைச் சாறு விற்கத் தொடங்கினார்.

கோடு மிதித்தால் ஈரமணல் மாதிரி இருக்கும், கொஞ்சம் அமுங்கும், காலுக்கடியில் நுரை நொறுங்குகிற சத்தம் கேட்கும். வேறு படகுகள் குறுக்கே போனால் அது அறுந்து, சற்று நேரத்தில் தானே முடிச்சுப் போட்டுக்கொண்டு சேர்ந்துவிடும். ஆகையால் அங்கங்கே முடிச்சு இருக்கும், தடுக்காமல் பார்த்து நடக்க வேண்டும். வடக்கே போகிறவர்கள் கிழக்கு ஓரம், தெற்கே போகிறவர்கள் மேற்கு ஓரம் என்று இரண்டாம் வாரமே வழக்கம் வந்துவிட்டது, யார் சொன்னது என்று தெரியாது. படகுச் சவாரிக்காரர்கள் முதலில் சண்டைக்கு வந்தார்கள், பிறகு நடக்க முடியாதவர்களை ஏற்றிக்கொண்டு கோட்டின் ஓரமாகவே, பேசிக்கொண்டே ஓட்டினார்கள். ஒரு பாதிரியார் அதை மந்திரிக்க வந்தார், இன்னொரு சபைக்காரர் அதற்கு முன்பே வந்து ஜெபித்துவிட்டதால் மனவருத்தம் ஆயிற்று. இரண்டு தீவு இளைஞர்கள் நட்டநடுக் கடலில் கிரிக்கெட் ஆடிப் பார்த்தார்கள், பந்து ஏகமாய்ச் சுழன்றதால் யாருமே பத்து ஓட்டம் தாண்டவில்லை. ஒரு கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் தெற்கிலிருந்தும் பெண் வீட்டார் வடக்கிலிருந்தும் வந்து நடுவில் சந்தித்து, எந்த நாட்டுச் சட்டப்படி எழுதுவது என்று தெரியாமல், எழுதாமலே சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

செயிண்ட் வின்சென்ட்டை விட்டு வடக்கே ஏறிய அன்றுதான் அவனைப் பார்த்தேன்.

நல்ல மத்தியானம். வெயிலில் கோடு கண்ணைக் கூச வைத்தது. கோட்டில் முதுகுச் சுமையோடு ஏழெட்டுப் பேர் வந்துகொண்டிருந்தார்கள், அவர்களுக்கு வெகு பின்னால் ஓர் ஆள், சுமை இல்லாமல், ஒரே சீராக நடந்து வந்தான். நடப்பவர்கள் எல்லாரும் நிற்பார்கள், குனிந்து மீன் பார்ப்பார்கள், ஒருவரோடு ஒருவர் பேசுவார்கள். இவன் நிற்கவில்லை. கை இரண்டையும் சற்று விலக்கி, தோணியின் குறுகலான விளிம்பில் நடந்து பழகியவன் நடக்கிற மாதிரி நடந்தான். அந்தத் தூரத்தில் முகம் தெரிய வாய்ப்பே இல்லை. எனக்கு முகம் தேவைப்படவில்லை.

மற்றதெல்லாம் ஆட்கள் வந்து சொன்னார்கள். கேரியாகு துறையில், கோடு தொடங்குகிற இடத்தில், அவன் தண்ணீருக்குள்ளிருந்து ஏறி வந்ததை ஒரு வலைக்காரன் பார்த்திருக்கிறான். யூனியன் தீவில் அதிகாரி காகிதம் கேட்டபோது ஈரச் சட்டைப் பையை வெளியே இழுத்து வெறுமையாகக் காட்டியிருக்கிறான், அவரும் தலையை ஆட்டி விட்டுவிட்டார். எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடம் காயவில்லையாம். பெக்வேயில் ஒரு வீட்டில் வறுத்த மீன் கொடுத்திருக்கிறார்கள், கும்பிட்டு வாங்கி, கையில் வைத்திருந்துவிட்டு, வீட்டுக் குழந்தைக்கு ஊட்டிவிட்டிருக்கிறான். செத்தவன் என்று எல்லாருக்கும் தெரிந்தது. அதனால் ஒன்றும் குறையவில்லை, அவன் போகிற வழியில் அடுத்த தீவுக்குச் சேதி சொல்லி அனுப்பினார்கள், சொல்லப் பாஷை தெரியாதவன் என்று கண்டதும் கடிதமாக எழுதிக் கொடுத்தார்கள், அவனும் நனையாமல் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்தான். "உங்காளு தங்கமான ஆளுப்பா," என்று செயிண்ட் லூசியாவில் ஒரு பெண் என்னிடம் சொன்னாள். உங்காளு என்று அவளுக்கு யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கறுப்பாக, ஒல்லியாக, அதே மாதிரி கை விலக்கி நடக்கிறவன் அந்தத் தீவுகளிலேயே நான் ஒருவன்தான்.

அவன் பெயர் இஞ்ஞாசி. என் மனைவி சலேத்தின் தம்பி. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நானும் அவனும் ஒரே தோணியில், தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்குச் செங்கல்லும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு போனோம், ஏழு பேர். நான் பண்டாரி, அதாவது சமையல்காரன். அந்தத் தோணியில் ஒரு வழக்கம் இருந்தது. ராத்திரி வேலையில் இருக்கிறவனுக்குச் சோற்றைத் தட்டில் போட்டு, இன்னொரு தட்டால் மூடி வைத்துவிடுவோம். தட்டு மூடியிருந்தால் அவன் இன்னும் வேலையில் இருக்கிறான், அல்லது வேலை முடிந்து சாப்பிடாமலே அசந்து தூங்குகிறான் என்று அர்த்தம். யாரும் தேடமாட்டார்கள், எழுப்பமாட்டார்கள். ஒரு ராத்திரி, பின்பாயின் கயிறு ஒன்று அவிழ்ந்துவிட்டது. ஏறிக் கட்ட வேண்டிய முறை என்னுடையது. இடுப்புப் பிடித்திருக்கிறது என்று சொல்லி இஞ்ஞாசியை அனுப்பிவிட்டு, அவன் தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். இடுப்பு அப்படி ஒன்றும் பிடிக்கவில்லை.

விடிந்து தட்டுகளைக் கழுவ எடுத்தபோது அவன் தட்டு மூடினபடி இருந்தது. சோறு போட்டபடி இருந்தது. அவன் படுக்கிற இடத்தில் அவன் இல்லை. அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. கூவியிருக்க வேண்டும். நான் தட்டைத் திரும்பவும் மூடி, இருந்த இடத்திலேயே வைத்தேன். நான் அனுப்பித்தான் போனான் என்பதை முதலில் சொல்கிற வாய் என் வாயாக இருக்கக் கூடாது, வேறு யாராவது தேடட்டும் என்று காத்திருந்தேன். மூடிய தட்டுக்கு மரியாதை கொடுத்து ஒருவரும் தேடவில்லை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் தோணித் தலைவரிடம் போய், இப்போதுதான் பார்த்தேன் என்று சொன்னேன். தோணியைத் திருப்பினோம், சாயங்காலம்வரை தேடினோம், கிடைக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சலேத் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "எப்பங்க போனான்?" ராத்திரியே என்றேன். விழுந்த கையோடு முடிந்திருக்கும், கஷ்டப்பட்டிருக்க மாட்டான் என்றேன். ராத்திரியே செத்திருந்தால் என்னுடைய அந்த ஒரு மணி நேரம் யாரையும் கொல்லவில்லை. விடிந்த பிறகு செத்திருந்தால் நான்தான் கொன்றேன். இரண்டில் எது என்று தெரியாமல் ஒரே கூரையின் கீழ் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. கப்பல் ஏறினேன், கப்பல் மாறினேன், கடைசியில் உலகத்தின் அந்தக் கோடிக்கு வந்து, கிறிஸ்மஸுக்கு ஒருமுறை தொலைபேசியில் நலம் விசாரிக்கிற புருஷன் ஆனேன். எது என்று தெரிந்தவன் ஒருவன்தான் உண்டு. அவன் இப்போது செயிண்ட் வின்சென்ட்டைத் தாண்டி நடந்து வந்துகொண்டிருந்தான்.

அதன் பிறகு நான் ஐரீனை விரட்டினேன். மூன்று நாள் தங்க வேண்டிய துறையில், காற்று மாறப் போகிறது, இப்போதே கிளம்பினால்தான் உண்டு என்று யூலலியிடம் சொன்னேன். மேகத்தைக் காட்டினேன், பறவையைக் காட்டினேன். சுற்றுலாக்காரர்கள் குளிக்க இறங்கினால் கைதட்டி ஏறச் சொன்னேன். படகு ஓடும்போது அவன் புள்ளியாகிப் போவான், நங்கூரம் போட்டால் புள்ளிக்குக் கையும் காலும் முளைக்கும். மார்டினிக்கைத் தாண்டி டொமினிக்கா கண்ணில் தெரிந்தபோதுதான் யூலலி கேட்டாள்.

"டாம், ஒரு வாரமா நீரு காத்து சொல்லுதீரு, காத்து உம்ம பேச்சக் கேக்க மாட்டேங்கு. யாருவே அது பின்னால?"

"என் மச்சான். பொண்டாட்டிக்குத் தம்பி."

"உசுரோடயா?"

"இல்ல."

"கெட்டவனா?"

"ரொம்ப நல்லவன்."

"அப்ப நாம எதுக்கு ஓடுதோம்?"

பாயைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யூலலி விடவில்லை. "ஓடுறதா இருந்தா உம்ம காலால ஓடும். என் அம்மா பேரு வச்ச படக அதுக்கு இழுக்காதீரும். இனிமே காத்த நான் பாத்துக்கிடுதேன்," என்றாள். டொமினிக்காவின் வடக்கு விரிகுடாவில் நங்கூரத்தைப் போட வைத்து, மஞ்சள் கொடியை ஏற்ற வைத்து, ஐந்து நாள் இங்கிருந்து நகர்வதில்லை என்று அறிவித்துவிட்டாள்.

மறுநாள் காலையில், கோட்டின் மேல் நடந்து, ஒரு பெண் நேராகப் படகின் பின்புறத்துக்கே வந்தாள். முத்திரை வாங்காததால் நான் கரைக்குப் போக முடியாது, அவளுக்குக் கரையில் வேலையே இல்லை. மார்டினிக்கில் படகுக்காரர்களுக்குத் துணி வெளுத்துக் கொடுக்கிற கடை வைத்திருப்பவள், பெயர் ஜோஸெட் வீராப்பின். அவள் முன்னோர்கள் காரைக்காலில் கப்பலேறிக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர்கள். அங்கே வருஷத்துக்கு ஒருமுறை மாரியம்மனுக்கு ஆடு வெட்டும்போது தமிழ்ப் பாட்டுப் பாடுவது அவள்தான். ஒரு வார்த்தைக்கும் அர்த்தம் தெரியாது, ஆனால் எதையும் ஒருமுறை கேட்டால் எழுத்துப் பிசகாமல் திரும்பச் சொல்லிவிடுவாள். இதையெல்லாம் அவள் பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னாள். ஓர் ஆள் வந்தான், சட்டையை மூன்று தடவை காயவைத்துக் கொடுத்தேன், மூன்று தடவையும் போட்டதும் நனைந்தது, போகும்போது ஒரு பாட்டு மாதிரிச் சொன்னான், உனக்குத்தான் என்று இந்தத் திசையைக் காட்டினான் என்றாள். பிறகு நேராக நின்று, கண்ணை மூடி, கைகளைத் தொடையோடு ஒட்ட வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அத்தான நிக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு விசயம் கேக்கணும். கேட்டுட்டுத் திரும்பிருவேன்."

எங்கள் தெரு, எங்கள் வீட்டு வாசல், அவன் குரலின் ஏற்ற இறக்கம், எல்லாம் அந்தப் பெண் வாயிலிருந்து வந்தது. சொல்லி முடித்ததும் மூக்கை ஒருமுறை உறிஞ்சினாள். அதுவும் பாட்டைச் சேர்ந்தது என்று நினைத்திருக்கிறாள். இஞ்ஞாசிக்குச் சின்ன வயதிலிருந்தே சளி. நான் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

"கெட்ட சேதியா?" என்று ஜோஸெட் பயந்துபோய்க் கேட்டாள். அர்த்தத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் அந்த வார்த்தைகளைத் தனக்குள் சொல்லிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்தடவையாக, தான் சொன்ன தமிழுக்கு என்ன அர்த்தம் என்று தெரிகிறது என்றாள்.

யூலலியிடம் போய் நின்றேன். மஞ்சள் கொடி பறக்கிறது, நான் இறங்கலாமா என்று கேட்டேன்.

"கரைக்குத்தான் போவக் கூடாது," என்றாள் யூலலி. "அது கரை இல்லல்லா. போயிட்டு வாரும்."

ஜோஸெட்டும் நானும் தெற்கே நடந்தோம், தீவின் ஓரமாகவே கோடு இறங்கியது. எதிரே வந்தவர்கள் கையை உயர்த்தி நலம் விசாரித்தார்கள். மலை பின்னால் போய் நீலமாகி, இரண்டு பக்கமும் வெறும் தண்ணீர் ஆன இடத்தில், அவன் வந்துகொண்டிருந்தான். ஜோஸெட் அவனிடம் தலையை ஆட்டிவிட்டு, நிற்காமல் தன் ஊர்ப்பக்கம் நடந்துவிட்டாள்.

"அத்தான்," என்றான்.

"இஞ்ஞாசி."

"என்ன நட நடக்க வச்சிட்டீங்க," என்று சிரித்தான். இருபத்து மூன்று வயசு, போனபோது இருந்த அதே வயசு. எனக்கு முடி நரைத்திருந்தது. கோட்டின் விளிம்பில் அருகருகே காலைத் தண்ணீரில் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். கேட்க வேண்டியதைப் பதினோரு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தேன். அவன்தான் முதலில் பேசினான்.

"அக்காவுக்கு முடியல அத்தான். தெரியுமா?"

"கிறிஸ்மஸுக்குப் பேசுனேன். ஒண்ணும் சொல்லலியே."

"சொல்ல மாட்டா. ஞாயித்துக்கெழம, மொதப் பூச மணி அடிக்கதுக்கு முந்தி எங்கிட்ட வந்திருவா. வந்ததும் மொதக் கேள்வியா அதத்தான் கேப்பா, எப்பல போனன்னு." அவன் கோட்டின் நுரையை விரலால் நோண்டிக்கொண்டிருந்தான். "நீங்க அக்காட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க? அதக் கேட்டுட்டுப் போவத்தான் வந்தேன். நானும் அதயே சொல்லணும்லா. ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொன்னா அவ தாங்க மாட்டா."

இதற்காகத்தான் அவன் கடலுக்கடியில் எங்கெங்கோ தேடி, பிடித்துக்கொள்ள ஒரு நுனி கிடைத்ததும் ஏறி, இத்தனை தீவு நடந்து வந்திருக்கிறான். என்னைப் பிடிக்க என்று நினைத்து நான் ஓடினேன்.

"ராத்திரியேன்னு சொன்னேன்," என்றேன்.

"ராத்திரியே." ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான். "விழுந்த ஒடனேயா, கொஞ்ச நேரம் கழிச்சா?"

"விழுந்த கையோட. கஷ்டப்படலன்னு."

"விழுந்த கையோட. கஷ்டப்படல. சரி அத்தான், அப்படியே சொல்லிருதேன்."

நெற்றியில் வழிந்த தண்ணீரைத் துடைக்கக் கையை எடுத்தான். அப்போதுதான் அவன் முகத்தைக் கிட்டத்தில் நேராகப் பார்த்தேன். நெற்றித் தோல் உரிந்து சுருள் சுருளாக நின்றது. மூக்குத்தண்டு வெந்திருந்தது. உதடு பிளந்து, பிளவுக்குள் உப்பு வெள்ளையாய்ப் படிந்திருந்தது. ராத்திரி அதைச் செய்யாது. தலைக்கு மேல் ஒன்றும் இல்லாமல், தண்ணீரில் முகம் மட்டும் வெளியே இருக்க, காலை ஏறுவெயிலிலிருந்து மத்தியானம் சாய்கிற வரைக்குமாவது கிடந்தால்தான் தோல் அப்படி உரியும், கடலில் பிழைத்த எவனுக்கும் இது தெரியும்.

"இஞ்ஞாசி, அக்காட்ட நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

"ஏன் அத்தான்?"

"நான் போயிச் சொல்லிக்கிடுதேன். ஞாயித்துக்கெழமைக்கு முந்தி."

"சொல்லித்தான் ஆவணுமா? நான் ஒண்ணும் மனசுல வைக்கல அத்தான்."

"தெரியும். அதுக்காகத்தான்."

எழுந்து சட்டையைப் பிழிந்துகொண்டான், அது பிழியப் பிழிய நனைந்தது. போயிட்டு வாறேன் என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டினான். கை இரண்டையும் விலக்கி, வந்த வழியே தெற்கே நடந்தான்.

அன்று புதன்கிழமை. ஊருக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னதும் யூலலி கரைக்குப் போய், ஐரீனின் ஆட்கள் பட்டியலில் என் பெயரை அடித்து, முத்திரை வாங்கி, என்னை விமான நிலையம்வரை கொண்டுவந்து விட்டாள். அடுத்த தீவுக்கு யாரை வைத்துப் பாய் இறக்குவாள் என்று கேட்டேன். "உமக்கு முன்னாலயும் பாய் இறங்கிச்சிவே," என்றாள், பிறகு என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். விமானம் மேலே ஏறித் திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். தீவுகளை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கோடு கிடந்தது, அதில் சிறிசு சிறிசாக ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அவனைத் தேடினேன். அந்த உயரத்திலிருந்து யார் உயிரோடு நடக்கிறார்கள், யார் செத்து நடக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். சலேத் கட்டிலில் கிடந்தாள். பதினோரு வருஷமும் அந்த வியாதியுமாகச் சேர்ந்து அவளைப் பாதியாக்கியிருந்தன. என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. வாங்க என்றாள், உட்காருங்க என்றாள், சாப்பிட்டீங்களா என்றாள். நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அவன் ராத்திரி சாவல, சலேத்து. விடிஞ்ச பெறவும் உசுரோடதான் கெடந்தான். விடிஞ்சதுமே எனக்குத் தெரியும். நான்தான் ஒரு மணி நேரம் யார்ட்டயும் சொல்லல."

அவள் அழவில்லை. மேலே கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அந்த ஒரு மணி நேரமும் என்ன செஞ்சிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"டீ போட்டேன்."

"எத்தன பேருக்கு?"

"ஏழு பேருக்கு."

"அவனுக்குமா?"

"அவனுக்கும் ஊத்தி வச்சேன்."

சலேத் தன் கையை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டாள். சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். வெளியே விளக்கு வைக்கிற நேரம் ஆகி, தெருவில் பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிடப்பட்டு, சத்தம் அடங்குகிற வரைக்கும் அவள் அப்படியே கிடந்தாள், நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"ஞாயித்துக்கெழம வரைக்கும் எங்கயும் போயிராதீங்க."

ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. போகவில்லை, அங்கேயே இருந்தேன்.